மின்மினி பார்க்க வந்தவள்

லோகேஸ்வரி மலேசியாவுக்கு வந்தது மின்மினிப் பூச்சி பார்ப்பதற்காக என்றுதான் நீண்டநாள் விருந்தினர் வாரியத்தின் பதிவேடு சொல்கிறது. அவள் பிறந்தது கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என்பதோ, பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன அப்பாவுக்காக அவள் ஓடி வந்தாள் என்பதோ அதில் இல்லை. வாரியத்தின் மேல் தப்புச் சொல்ல முடியாது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வாரியம் இருப்பது கோல சிலாங்கூரில். வெளிநாட்டு விருந்தினர் விரும்பும் இடத்தில்தான் அலுவலகம் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, மின்மினிக்குப் பேர்போன ஊரில் மூன்று மாடி கட்டினார்கள். மின்மினி இருட்டிய பிறகுதான் தெரியும். அலுவலகம் நாலரைக்கே மூடிவிடும். கெர்லிங்கிலிருந்து போக ஒன்றரை மணி நேரம் ஆகும். உள்ளே தமிழர்களுக்கென்று தனி முகப்பு உண்டு. மறுப்பைத் தாய்மொழியில் கேட்டால் வலி குறையும் என்று யாரோ ஆய்வு செய்து சொல்லியிருந்தார்களாம். அந்த முகப்பில் நித்தியா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். சிரித்த முகம்.

"எந்தக் கேட்டகரிக்கா?"

"மகள்," என்றாள் லோகேஸ்வரி.

"அப்படி ஒரு கேட்டகரி இல்லக்கா. ரெண்டுதான் இருக்கு. அம்பது வயசுக்கு மேலன்னா ஓய்வு விருந்தினர். அதுக்குக் கீழன்னா தூரப்பணி விருந்தினர். உங்களுக்கு நாப்பத்தெட்டு. நீங்க இப்ப ஓய்வெடுக்க முடியாது."

"நா ஓய்வெடுக்க வரல தங்கச்சி. எங்கப்பாவப் பாத்துக்க வந்திருக்கேன்."

"தாராளமா பாருங்க. பாக்குறதுக்கு யாரு என்ன சொல்லப் போறா லா? ஆனா இங்க தங்கறதுக்கு பாஸ் வேற காரணத்துக்குத்தான் தருவோம்."

லோகேஸ்வரி இருபத்து நாலு வயதில் தாதியாக இங்கிலாந்து போனவள். அங்கேயே கல்யாணம், அங்கேயே குடியுரிமை. இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள இந்த நாடு விடாது என்பதால் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு இடுப்பு வலி வந்து தாதி வேலை போயிற்று, கணவரும் போனார். இப்போது லெஸ்டர் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றுக்குக் கணினி வழியாக நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் வேலை. அதைக் கெர்லிங்கில் உட்கார்ந்தும் செய்யலாம். மத்தியானம் நாலு மணிக்குமேல்தான் அங்கே மருத்துவமனை திறக்கும். அதுவரைக்கும் அப்பாவுக்கு.

"சரி, தூரப்பணியே போடுங்க. அப்பாவ என்னைச் சார்ந்தவர்னு சேக்க முடியுமா?"

"முடியுமேக்கா. விருந்தினரோட அம்மா அப்பாவ சேக்கலாம். அவங்க வெளிநாட்டுக்காரங்களா இருக்கணும், அவ்வளவுதான். உங்கப்பா?"

"நீல ஐசி. இந்த நாட்டுக் குடிமகன்."

"அடப் பாவமே," என்றாள் நித்தியா. உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

'இந்நாட்டைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்ற கேள்விக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன. கடற்கரை, உணவு, மழைக்காடு, குறைந்த செலவு, மின்மினி. எதிலாவது குறி போடாவிட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது. கடற்கரை என்று போட்டால் நீச்சல் உடையில் படம் கேட்பார்கள் என்று நித்தியா எச்சரித்ததால் லோகேஸ்வரி மின்மினியைத் தொட்டாள்.

பாஸ் கிடைக்கும்முன் அறிமுக வகுப்பு. பத்தாங் காலி பக்கம் பழைய தோட்டம் ஒன்றில் தொழிலாளர்களின் நாலு லயத்து வீடுகளுக்குச் சாயம் பூசி, 'மரபு அனுபவ மையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். குடியிருந்தவர்களைச் செரண்டா அடுக்குமாடிக்கு அனுப்பியாயிற்று; மனிதர்கள் இருந்தால் மரபு கெட்டுப்போகும். இரண்டு ஜெர்மன்காரர்கள், ஒரு பிரேசில்காரி, லோகேஸ்வரி ஆக நால்வருக்குத் தனேஷ் என்கிற பயிற்றுநர் ஆங்கிலத்தில் தோசை சாப்பிடச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் தேர்வு. மற்ற மூவரும் தேறினார்கள். லோகேஸ்வரி தேறவில்லை.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க," என்றார் தனேஷ், மதிப்பெண் தாளைக் காட்டி. "வியப்புல முட்டை. பாருங்க, அந்த ஜெர்மன்காரர் சட்டினியத் தொட்டதும் கண்ணு கலங்கிட்டாரு. நீங்க மளமளன்னு ரெண்டு தோசை தின்னுட்டு கைய கழுவப் போயிட்டீங்க. விருந்தாளின்னா ஆச்சரியப்படணும் மேடம்."

மறுவாரம் மறுதேர்வு. லோகேஸ்வரி தோசையைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தாள். லயத்து அடுப்பைப் பார்த்து "ஓ!" என்றாள். பால்மரத்தில் கோடு கீறிக் காட்டியபோது, பதினாறு வயதுவரை பள்ளி விடுமுறை முழுதும் அதே கோட்டைக் கீறியவள், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் கிடைத்தது. அறுபத்து நாலு நிபந்தனைகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாஸைக் கொடுத்தார்கள். பதினேழாவது நிபந்தனை, விருந்தினர் இந்நாட்டில் இருப்பவர் எவருக்காகவும், இந்நாட்டவர் செய்யக்கூடிய எந்த வேலையையும் செய்யலாகாது என்றது. கடையிலோ கம்பெனியிலோ வேலைக்குப் போகக் கூடாது என்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவள்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் அப்பா முருகையாவுக்கு எழுபத்தொன்பது வயது. முப்பத்தோரு வருடம் தோட்டத்தில் மண்டோர். நூற்றுக்கணக்கானவர்களை வேலை வாங்கியவர். தோட்டத்தை விற்றபோது கிடைத்த தாமான் குடியிருப்பு வீட்டில் தனியாக இருந்தார். மகள் வரும்வரை எதிர்வீட்டு விஜயராணி வந்து வந்து, கெஞ்சி இரண்டு வாய் ஊட்டிவிட்டுப் போனாள். மகள் வந்த இரண்டு மாதத்தில் முருகையாவுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. பேச்சு திரும்பியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடிந்தது. அவர் மறுபடி சட்டைக்குப் பொத்தான் போட ஆசைப்பட்டதைப் பார்த்து லோகேஸ்வரி குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வாரியத்தின் தங்குமிட ஆய்வாளர் அழகேசன் வந்தார்.

அழகேசன் கழுத்தில் அட்டை, கையில் பலகைக் கணினி, காலில் பளபளவென்று சப்பாத்து. வாசலில் நாற்காலியில் இருந்த முருகையாவுக்கு அது போதும். இடக்கையால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். முப்பத்தோரு வருடம் விடியலில் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டவர் அவர். அலுவலக ஆள் வந்து ஒருவரைக் காட்டி 'இது வேலை செய்யுதா' என்று கேட்டால் தோட்டத்தில் அதற்கு ஒரே பதில்தான் உண்டு. செய்யவில்லை என்று வாய் தவறினால் பேரை வெட்டுவார்கள். பேர் போனால் அடுத்த மாதம் லயத்து வீடு போகும். அப்படிப் போன குடும்பங்களை அவர் கண்ணால் பார்த்தவர்.

"ஐயா, இந்த வீட்ல யாரு வேலை செய்யறது?" என்று அழகேசன் கேட்டார். லெஸ்டர் வேலையைத்தான் கேட்டார்.

"என் மகதாங்க. நல்லா வேலை செய்யும்."

"என்ன வேலைங்க?"

"என்ன வேலைன்னு கேட்டா? எல்லா வேலையுந்தான். காலைல ஆறு மணிக்கே எந்திரிச்சிரும். என்னத் தூக்கி ஒக்கார வைக்கும். ஒடம்பு தொடைக்கும். துணி மாத்தும். கஞ்சி காய்ச்சி ஊட்டும். அப்புறம் துணி தொவைக்கும், வீடு கூட்டும், என் கை கால நீட்டி மடக்கும். நகம் வெட்டும். மருந்து குடுக்கும். நா ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல."

அழகேசன் விரலால் வேகவேகமாகக் குறித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமை லீவா ஐயா?"

"ஞாயித்துக்கெழமையும் செய்யுங்க. ரெட்டச் சம்பளம் கூட கேக்காது."

கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்த லோகேஸ்வரிக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "சார், அப்பா சும்மா சொல்றாரு. நா ஒண்ணுமே செய்யறதில்ல சார். பெரும்பாலும் மின்மினி பாக்கப் போயிடுவேன்."

முருகையாவுக்குக் கோபம் வந்தது. தன் ஆள் தன் முன்னாலேயே பேரைக் கெடுத்துக்கொள்வதா? "பொய்யிங்க! அடக்கமான புள்ள, அதான் இப்படிச் சொல்லுது. இந்தா, கையப் பாருங்க." மகளின் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பிக் காட்டினார். சவர்க்காரத்தில் ஊறி வெடித்த உள்ளங்கை. "இது வேலை செய்யாத கையா? நீங்களே சொல்லுங்க."

அழகேசன் கையைப் படம் எடுத்தார். இரண்டு கோணத்தில் எடுத்தார். பிறகு பலகைக் கணினியை நீட்டிச் சாட்சியம் சரி என்று முருகையாவின் இடக்கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார். முருகையா பெருமையாகத்தான் வைத்தார். மகளின் பேர் பதிவேட்டில் விழுந்துவிட்டது என்ற திருப்தியில் அன்றைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கூடக் குடித்தார்.

விசாரணை கோல சிலாங்கூரில் மூன்றாம் மாடியில் நடந்தது. தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய செல்லையா. நல்ல சாரீரம். கோயில் திருவிழா மேடைகளில் பேசிப் பழகியவர். குற்றப்பத்திரிகையில் பதினோரு தொழில்கள் இருந்தன. சலவை, துப்புரவு, சமையல், நகப் பராமரிப்பு, உடற்பயிற்சி, மருந்து வழங்கல் என்று வரிசையாக. பதினோராவது 'உரையாடல் துணை'. அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாளாம்.

"அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுறது வேலையா டத்தோ?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"ஊர்ல ஒருத்தன் சம்பளம் வாங்கிட்டு செய்யக்கூடியது எல்லாமே வேலைதாம்மா. நீ சும்மா செய்யற. அதுதான் பெரிய குத்தம். பதினோரு பேரு வயித்துல அடிக்கிற. நானும் எஸ்டேட் புள்ளதான், எனக்குப் பாசம் தெரியாதுன்னு நெனைக்காத. எங்கம்மா ரவாங்குல ஒரு இல்லத்துல இருக்காங்க. நா போய்ப் பாத்து ஆறு வருசமாச்சு. ஏன் போகல? போனா ஒரு வாய் தண்ணி குடுக்கத் தோணும். அந்தத் தண்ணியக் குடுக்கறதுக்குன்னு அங்க ஒரு ஆளு இருக்கு. படுத்த படுக்கையா இருந்துகிட்டே எங்கம்மா இன்னிக்கு அஞ்சு பேருக்குச் சோறு போடுறாங்கம்மா. அத விட ஒரு தாய்க்கு என்ன பெருமை வேணும்?"

அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அழகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதல் குற்றம் என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும். வாரியத்தின் பட்டியலில் உள்ள உள்ளூர் நிறுவனத்திலிருந்து பராமரிப்பாளர் வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாளே ஒருவர் வந்தார். நிறுவனம் உள்ளூர்தான், வந்த சீத்தி என்கிற பெண் மேடான்காரர். மலேசியர்களின் வேலையைக் காப்பாற்றுவதற்காக இந்தோனேசியாவிலிருந்து அவரை வரவழைத்திருந்தார்கள். கூடவே அழகேசனும் வந்து முருகையாவின் கட்டிலைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் நாடா ஒட்டினார். நாடாவுக்கு அந்தப் பக்கம் வேலையிடம். இந்தப் பக்கம் விருந்தினர் பகுதி.

"நாடாக்கு வெளியில நின்னு பாக்கலாம்," என்றார் அழகேசன். "சிரிக்கலாம். கைய நீட்டக் கூடாது."

சீத்தி தங்கமானவர். உடம்பு துடைப்பதிலும் துணி மாற்றுவதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கரண்டியை நீட்டினால் முருகையா வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு விழுங்குவதென்றால் பயம். மூச்சுக்குழாயில் போய்விடும் என்ற பயம். மகள் கரண்டியைத் தூக்கினால்தான் அந்தப் பயம் போகும், வாய் தானாகத் திறக்கும். மூன்று நாள் உதட்டில் தடவிய தண்ணீரிலேயே கிடந்தார். நாலாம் நாள் லோகேஸ்வரி நாடாவைத் தாண்டினாள். சீத்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அது வெளியே தெரிந்திருக்காது. ஆனால் விருந்தினர் வாரம் ஒருமுறை உள்ளூர் உணவை ரசிக்கும் படம் ஒன்றை வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். லோகேஸ்வரி ஒரு கையால் ஊட்டிக்கொண்டே மறு கையால் மேசையில் இருந்த இடியாப்பத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். அந்த வாரத்தின் சிறந்த படம் என்று அதற்குப் பரிசு கிடைத்தது. பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டியபோதுதான், பின்னால் வெந்நீர்ப் பாத்திரத்தின் பளபளப்பில் ஒரு கரண்டியும் ஒரு திறந்த வாயும் தெரிவதைத் துப்புரவுப் பெண் ஒருத்தி சுட்டிக்காட்டினாள். அவளுக்கும் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

இரண்டாம் விசாரணைக்கு முருகையாவையும் கூட்டிவரச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் கொண்டுபோய் ஓரமாக நிறுத்தினார்கள். டத்தோ தீர்ப்பைப் படித்தார். பதினாலு நாளில் லோகேஸ்வரி நாட்டை விட்டுப் போக வேண்டும். ஐந்து வருடம் திரும்பி வரக் கூடாது.

"எங்கப்பா சாப்ட மாட்டாரு டத்தோ," என்றாள் லோகேஸ்வரி. அதையே மூன்று தடவை சொன்னாள். சாப்ட மாட்டாரு, சாப்ட மாட்டாரு. குறிப்பெடுத்தவர் மூன்று தடவையும் எழுதிக்கொண்டார்.

வழி கண்டுபிடித்தது நித்தியாதான். நல்ல பெண் என்று முன்பே சொன்னேன். கோப்புகளோடு வந்து மூலையில் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்தாள். "டத்தோ! பதினேழு என்ன சொல்லுது? இந்நாட்டில் இருப்பவருக்காக வேலை செய்யக் கூடாதுன்னுதானே சொல்லுது? வெளிநாட்ல இருக்கறவருக்கு என்ன வேலை வேணும்னாலும் செய்யலாமே! அதுதானே தூரப்பணி! இந்த ஐயா மட்டும் வெளிநாட்ல இருந்தாருன்னா அக்கா எவ்வளவு வேணும்னாலும் கவனிச்சுக்கலாம். ஒரு தடையும் இல்ல."

அறையில் நிம்மதி பரவியது. டத்தோ நித்தியாவைப் பார்த்துப் புன்னகைத்தார். ஹாட்யாயில் வாரியத்துக்குத் தெரிந்த முதியோர் இல்லம் ஒன்று உண்டு. எல்லை தாண்டினால் ஒரு மணி நேரம்தான். வயதானவர்களுக்குத் தாய்லாந்தில் பாஸ் சுலபம், முருகையா அங்கே போனால் தீர்ப்பைத் திரும்பப் பெறலாம் என்றார்.

"நானும் அவரோட அங்கியே போயிடறேன்," என்றாள் லோகேஸ்வரி.

"அம்பது ஆகல," என்றார் டத்தோ. "தூரப்பணி பாஸ் அங்க கேக்கற வருமானம் உனக்கு இல்ல. நா ஏற்கெனவே பாத்துட்டேன். உன் மேல அக்கறை இல்லாமயா?" இங்கிலாந்தோ முருகையாவை வேண்டாம் என்று முன்பே எழுதிவிட்டது.

ஓரத்தில் இருந்த முருகையா இடக்கையைத் தூக்கினார். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் தூக்குவதுபோல.

"ஐயா, நா அன்னிக்கு சொன்னதாலதான் எம்மவ பேர வெட்டறீங்களா?"

அழகேசன் ஆவணத்தைத் தேடினார்.

"நல்லது செய்யறதா நெனச்சித்தான் சொன்னேன். வேலை செய்யலன்னு சொன்னாதானே தொரத்துவாங்க? செய்யுதுன்னு சொன்னா தொரத்துற எடத்த நா பாத்ததில்லைங்க." வாயோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டார். "சரி, போவட்டும். அது இருக்கட்டும், நா போறேன். எங்க போவணும்னு சொல்லுங்க."

"அப்பா, வேணாம்பா. நா போயிடறேன்."

"நீ போனா அஞ்சு வருசம். நா அஞ்சு வருசம் இருப்பனா? இந்தப் பாஸ்ல நீ வருசத்துக்கு அறுவது நாளு வெளிய போலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அறுவது நாளு வந்து பாப்பேல்ல? போதும்."

லோகேஸ்வரி சக்கர நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த மூன்று மாடியையும் கொளுத்த வேண்டும்போல் இருந்தது. கையில் இருந்ததோ அப்பாவின் துடைக்கும் துணி மட்டும்தான்.

வாரியமே வேன் ஏற்பாடு செய்தது. முருகையாவுக்கு வாழ்நாளில் முதல் பாஸ்போர்ட். எல்லையில் முத்திரை குத்திய அதிகாரி, "ஜாலியா சுத்திட்டு வாங்க அங்கிள்," என்று மலாயில் வாழ்த்தினார்.

அன்றிலிருந்து கெர்லிங் வீட்டில் முருகையாவின் கட்டில் காலியாகக் கிடக்கிறது. மஞ்சள் நாடாவைப் பிய்க்க அனுமதி வரவில்லை. ஹாட்யாய் இல்லத்தில் தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. அங்கேயும் முருகையா வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் இல்லத்துக்காரர்கள் காணொலியில் அழைத்தார்கள். லோகேஸ்வரி என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறையிலிருந்து ஒரு வெறும் கரண்டியை எடுத்துவந்து, கைபேசித் திரைக்கு முன்னால் தூக்கி, "ஆ காட்டுங்கப்பா," என்றாள். திரையில் முருகையா வாயைத் திறந்தார். அங்கிருந்த தாய்லாந்துப் பெண் சட்டென்று கஞ்சியை உள்ளே வைத்தாள். அவர் விழுங்கினார்.

அதுதான் ஏற்பாடு. தினமும் மூன்று வேளை, வேளைக்கு நாற்பது கரண்டி. கெர்லிங்கில் வெறுங்கரண்டி மேலே போகும். ஹாட்யாயில் கஞ்சி உள்ளே போகும். முடிந்ததும் லோகேஸ்வரி வாரியத்தின் செயலியில் பதிவு செய்ய வேண்டும். பணி: உணவூட்டல். பெறுபவர் இருப்பிடம்: வெளிநாடு. பச்சைக் குறி விழும். பதினோரு தொழில்களும் அவளுக்கு அனுமதிக்கப்பட்டுவிட்டன, எட்டாத தூரத்தில்.

இரண்டாம் மாதத்திலிருந்து முருகையாவுக்கு நினைவு முன்னே பின்னே போக ஆரம்பித்தது. "நீ எப்பம்மா வீட்டுக்கு வருவ?" என்று கேட்பார்.

"நா வீட்லதாம்பா இருக்கேன்."

"அப்ப நா எங்க இருக்கேன்?"

வருடக் கடைசியில் வாரியம் விழா எடுத்தது. 'ஆண்டின் சிறந்த தூரப்பணி விருந்தினர்' லோகேஸ்வரி. வராவிட்டால் பாஸ் புதுப்பிக்கப்படாது என்று அழைப்பிதழில் சின்ன எழுத்தில் இருந்தது. கோல சிலாங்கூர் மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் பெரிய திரை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் நிகழ்ச்சியை வைத்திருந்தார்கள்.

டத்தோ செல்லையா பேசினார். "உலகத்துல எத்தனையோ பேரு தூரத்துல இருந்து கணக்கு எழுதறாங்க, படம் வரையறாங்க. ஆனா தூரத்துல இருந்து ஒரு தகப்பனுக்குச் சோறு ஊட்டுன மகள உலகத்துக்கே நாமதான் குடுத்திருக்கோம்! இதுக்கு என்ன காரணம்? சட்டம். சட்டம் இல்லன்னா இந்தப் பொண்ணு சாதாரணமா பக்கத்துல ஒக்காந்து ஊட்டியிருக்கும். யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. திரையில் ஹாட்யாய் தெரிந்தது. முருகையா பாதியாக இளைத்திருந்தார். லோகேஸ்வரி கரண்டியைத் தூக்கினாள். திரையில் வாய் திறந்தது. மண்டபமே 'ஓ' என்றது. எல்லாரும் வியப்புத் தேர்வில் தேறியவர்கள். பத்துக் கரண்டி ஆனதும், போதும், படம் எடுத்தாயிற்று என்று டத்தோ சைகை காட்டினார்.

அப்போதுதான் முருகையாவின் கண்ணில் டத்தோவின் கோட்டும் கழுத்துப்பட்டையும் பட்டன. நாற்காலியில் நிமிர முயன்றார். இடக்கையால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"துரைங்களா?" என்றார். ஒலிபெருக்கியில் அந்தக் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "எம்மவ நல்லா வேலை செய்யுதுங்க. ஒரு நாளு நின்னதில்ல. பேரு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு ஐயா, போட்டாச்சு!" என்றார் டத்தோ சிரித்துக்கொண்டே. "ஆண்டின் சிறந்த பேரு!"

"அப்ப நா வீட்டுக்குப் போவட்டுங்களா?"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் அழுதார்கள். நித்தியா ஓடிவந்து லோகேஸ்வரியின் கரண்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கையில் கேடயத்தையும் மறு கையில் பூங்கொத்தையும் கொடுத்துப் படக்காரர் பக்கம் திருப்பினாள். "சிரிங்கக்கா," என்றாள்.

இன்னும் முப்பது கரண்டி பாக்கி இருந்தது. திரையில் முருகையா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார்.